நிற்காத மயில் சக்கரம்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் வேலை நடக்கும்போது ஒரு வட்டம் சுற்றுகிறதே, அது நல்லதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கதையாகத்தான் சொல்ல வரும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்காடு என்ற நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டான். அரண்மனை வைத்தியசாலை வாசலில் சனங்கள், “மருந்து ஆச்சா, ஆச்சா” என்று கத்துவது அவனுக்கு எரிச்சல். சபையில் இருந்த சோபனராயர், மயில் உருவம் வைத்த ஒரு சக்கரம் செய்து வாய்க்கால் தண்ணீரில் சுற்றவிட்டார்.

“இது சுற்றினால் உள்ளே மருந்து அரைக்கிறார்கள். பேசாமல் காத்திருங்கள்!” என்று சனங்களிடம் சொன்னார்.

சனங்கள் மயிலைப் பார்த்து அடங்கிப்போனார்கள். ராஜா ராயருக்கு முத்துமாலை போட்டான்.

மந்திரி அறவாழி மட்டும் கேட்டார்: “தண்ணீர் ஓடினால் அது சுற்றும். மருந்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“மாலை உமக்கு விழவில்லையே என்று வயிறு எரிகிறதா மந்திரியாரே?” என்றார் ராயர். சபையே சிரித்தது.

ஒருநாள் பூவாயி என்பவள் காய்ச்சல்கண்ட பிள்ளையோடு வந்தாள். வைத்தியர் வெளியூர் போயிருந்தார். அது அவளுக்குத் தெரியாது. சக்கரம் சுற்றியது, உட்கார்ந்தாள். பொழுது சாயும்போது பிள்ளை மடியிலேயே சில்லிட்டுப் போயிருந்தது. அப்போதும் மயில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். இலை காலி. எதிரே ஒரு சின்னச் சக்கரம்.

“சோறு எங்கே?”

“சுற்றுகிறதே மகாராஜா! சமையல் நடக்கிறது” என்றார் அறவாழி.

பசி காதை அடைத்தது. ராஜா எழுந்து அடுக்களைக்குப் போனான். அடுப்பில் பூனை தூங்கியது.

“ஆளே இல்லையே! முன்னாடியே தெரிந்திருந்தால் அந்தப்புரத்தில் சாப்பிட்டிருப்பேனே!”

“வாசலில் ஒருத்தியும் இதையேதான் சொல்கிறாள்.”

பூவாயியை அழைத்துவந்தார்கள். “அது நின்னிருந்தா, பக்கத்து ஊருக்குத் தூக்கிட்டு ஓடியிருப்பேன் சாமி. சுத்துச்சு. நம்பிட்டேன்.”

ராஜா, ராயரின் கழுத்து மாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

“வேண்டாம் மகாராஜா. ஒருநாள் பிந்திவிட்டேன்” என்றார் அறவாழி. “சக்கரத்தை மருந்து அரைக்கிற கல்லோடு கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கல் சுற்றினால் சுற்றட்டும். இல்லாவிட்டால் நிற்கட்டும்.”

அப்படியே செய்தார்கள். பூவாயி ஊர் திரும்பவில்லை. சக்கரம் நிற்கும்போது யாராவது பிள்ளையோடு வந்தால், “இங்க உக்காராத தாயி, ஓடு” என்பாள். ஓடுகிறவள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, தன் வெறும் மடியை—

“மேகலா, பிள்ளை முழிச்சிட்டான் பாரு!” என்று அத்தை கூப்பிடுகிறார், நான் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும்.