அட்டையில் வரவிருந்த படம்

கிரேக்க நாட்டின் வடக்கே, பீச் பழத் தோட்டங்களுக்கு நடுவில், மெலிசோரி என்று ஒரு சிறிய ஊர். அதற்கு வெளியூரில் பெயர் வாங்கிக் கொடுத்தவை டப்பாவில் அடைத்த பீச் பழமும், பெண்களின் ஹேண்ட்பால் கழகமும்தான்.

இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. ஐம்பது வருடத்துக்கு முன்னால், பழ ஆலையில் வேலை பார்த்த பதினொரு பெண்கள், லாரி நிற்கும் முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்துச் சாப்பாட்டு நேரத்தில் பந்தெறிந்து விளையாடினார்கள். போட்டி என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். கையால் எறிந்து பந்தை வலைக்குள் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் விதி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. முதல் போட்டியில் முப்பத்தொன்றுக்கு நான்கு என்று தோற்றார்கள். அந்த நான்கு கோலைப் பற்றியே ஒரு வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து முதல் கோப்பை வந்தது. அப்புறம் எட்டுக் கோப்பைகள். ஒரு தடவை வெளிநாட்டு அணிகளோடு மோதி, மூன்று சுற்று ஜெயித்து, நான்காவதில் தோற்றுத் திரும்பினார்கள். அன்று ஆலையை மதியமே மூடிவிட்டார்கள். தோற்றவர்களைப் பார்க்க ஊரே பஸ் நிலையத்தில் நின்றது.

பொன்விழா நெருங்கியபோது, கழகத்தின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. எழுதும் பொறுப்பு தெஸ்பினாவிடம் வந்தது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பதினான்கு வருடம் கழகத்தின் கோல்கீப்பராக இருந்தவள். இப்போது பயிற்சியாளர் ஃபோதினிக்கு உதவியாக இருக்கிறாள். ஹேண்ட்பாலில் அவள் அறிந்தது எல்லாம் ஃபோதினியிடம் அறிந்தது.

அட்டைப்படத்தைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை. ஊரில் அந்தப் படம் இல்லாத கடை இல்லை. பதினேழு வருடத்துக்கு முன், வடக்குக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரணி பெத்ரோகாம்போ என்ற ஊர். மெலிசோரி இருபத்துநான்கு, அவர்கள் இருபத்துமூன்று. நான்கு வினாடி மீதி. பெத்ரோகாம்போவின் இடது ஓரத்திலிருந்து ஒரு பெண் பாய்ந்து எறிகிறாள். தெஸ்பினா விழுந்து தடுக்கிறாள். படத்தில் அவள் தரையில் குப்புறக் கிடக்கிறாள். பந்து அவள் நெஞ்சுக்கு அடியில். கண்கள் இறுக மூடியிருக்கின்றன.

தெஸ்பினா ஒன்பது கோப்பைகளில் எட்டைப் பற்றி எழுதி முடித்தாள். வெளிநாட்டுப் பயணத்தை எழுதினாள். பதினொரு பெண்களில் உயிரோடிருந்த நால்வரையும் பார்த்துப் பேசி எழுதினாள். பிறகு ஒரு சாயங்காலம், தாள்களை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போனாள்.

ஃபோதினி பெஞ்சில் உட்கார்ந்து, பந்துகளில் ஒட்டியிருந்த பிசினை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பந்து கையில் நிற்பதற்காக ஆட்டக்காரிகள் விரலில் தடவும் பிசின். அறுபது வயதிலும் அந்த வேலையை அவள் யாரிடமும் கொடுப்பதில்லை.

"கோச், ஒன்று கேட்க வேண்டும்."

"கேள்."

"இத்தனை சாதனைகளில் எதைப் பெரிதென்று எழுதுவது?"

"எதை இன்னும் எழுதவில்லை?"

தெஸ்பினா தயங்கினாள். பிறகு ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அதில் தேதியும் இரண்டு ஊர்களின் பெயரும் மட்டும் இருந்தன.

ஃபோதினி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் எண்ணெய்க் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அட்டையில் அந்தப் படம் வேண்டாம் என்று நீங்கள் கமிட்டியில் சொல்ல முடியுமா?" என்றாள் தெஸ்பினா.

"சொல்லலாம். ஏன் என்று கேட்பார்களே."

தெஸ்பினா தாளை நான்காக மடித்தாள்.

"சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸுக்கு வா" என்றாள் ஃபோதினி.

"எங்கே போகிறோம்?"

"பெத்ரோகாம்போவுக்கு."

தெஸ்பினா வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தாள். ஃபோதினி அடுத்த பந்தை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் கூட்டம் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்களும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

பாதி வழியில் தெஸ்பினா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பந்து உள்ளே போய்விட்டது, கோச்."

ஃபோதினி தலையைத் திருப்பவில்லை.

"என் முழங்காலில் பட்டுப் பின்னால் உருண்டது. நான் விழுந்து கையை நீட்டியபோது வலைக் கயிறு என் விரல் முட்டியில் உரசியது. கோல் கோடு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. இழுத்து நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நடுவர் அந்தப் பக்கக் கம்பத்தருகே நின்றார். என் உடம்பு அவருக்கு மறைத்துவிட்டது."

"ம்."

"கோலென்று கொடுத்திருந்தாலும் சமன்தான். கூடுதல் நேரத்தில் நாம்தான் ஜெயித்திருப்போம். அவர்கள் களைத்திருந்தார்கள்."

"இதை உனக்கு நீயே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பாய்?"

தெஸ்பினாவின் கண் கலங்கியது. பஸ் ஒரு பாலத்தைக் கடந்தது.

பெத்ரோகாம்போவில் இறங்கி, ஊருக்கு வெளியே மண்பாதையில் கால் மணி நேரம் நடந்தார்கள். ஃபோதினி யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒரு பீச் தோட்டத்தின் கம்பி வேலிக்கு முன்னால் நின்றாள். உள்ளே, இலையில்லாத மரங்களுக்கு நடுவில், ஒரு பெண் கிளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் என்று தெரிகிறதா?"

தெரிந்தது. அன்று இடது ஓரத்திலிருந்து பாய்ந்து எறிந்த வாசோ. அப்போது அவளுக்கு இருபது வயது. நாட்டு அணிக்குப் போவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. அடுத்த வருடமே விளையாட்டை விட்டுவிட்டாள் என்று எங்கேயோ கேட்டதோடு சரி, தெஸ்பினா அதற்கு மேல் விசாரித்ததில்லை.

வாசோ இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த கிளைகளை மட்டும். உயரத்தில் இருந்தவற்றைத் தொடவில்லை. வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நீ போ" என்றாள் ஃபோதினி. "நான் இங்கே நிற்கிறேன்."

"என்ன சொல்வது?"

"பஸ்ஸில் என்னிடம் முதலில் சொன்னதைச் சொல். இரண்டாவதாகச் சொன்னது வேண்டாம்."

தெஸ்பினா வேலிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். ஈர மண் காலில் ஒட்டியது. வாசோ திரும்பிப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறவில்லை.

"மெலிசோரி கோல்கீப்பர்" என்றாள்.

"ஆமாம்."

"பழம் வாங்க வந்தாயா? பிப்ரவரியில் பழம் கிடையாது."

"பந்து உள்ளே போனது" என்றாள் தெஸ்பினா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அன்று நீ எறிந்த பந்து. கோல்தான் அது. நான் வெளியே இழுத்துவிட்டேன்."

வாசோ கத்தரியைக் கிளையிலேயே மாட்டிவிட்டு நின்றாள்.

"எவ்வளவு உள்ளே?"

"முழுப் பந்தும். அதற்கு மேலும் ஒரு கை அகலம் இருக்கும்."

"வலை அசைந்ததா?"

"அசைந்தது. என் விரலில் பட்டது."

வாசோ மெல்ல ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். பூட்ஸில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டிவிட்டாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"வலை அசைந்ததை நான் பார்த்தேன். நடுவரிடம் ஓடினேன். போ என்றார். எங்கள் கோச்சிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார், பலமாக எறியத் தெரியாதவள்தான் வலை அசைந்தது என்பாள் என்று. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியில் பார்த்தாராம், பந்து உன் கையில்தான் இருந்ததாம். நான் சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பவில்லை. போகப்போக நானும் நம்பவில்லை. தோற்ற வெறியில் இல்லாததைப் பார்த்திருக்கிறேன் என்று முடிவு செய்தேன்."

அவள் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வருடம் தினமும் ஆயிரம் எறிந்தேன். பலம் போதவில்லை என்றார்களே. தோள் கிழிந்தது. இரண்டு தடவை அறுவை சிகிச்சை. இதற்கு மேல் தூக்க முடியாது, பார்." கையைத் தூக்கிக் காட்டினாள். மார்பு உயரத்தில் நின்றுவிட்டது.

தெஸ்பினா ஈர மண்ணில் அப்படியே மண்டியிட்டாள்.

"எழுந்திரு" என்றாள் வாசோ. "தோளுக்காக உன்னைப் பழிசொல்லவில்லை. ஆயிரம் எறி என்று நீ சொல்லவில்லை. என் கண் சரியாக இருந்ததா, இல்லையா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது." தெஸ்பினாவை நேராகப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்."

"பந்து உள்ளே போனது. வலை அசைந்தது. நீ சரியாகத்தான் பார்த்தாய்."

வாசோ தலையை ஆட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து கத்தரியை எடுத்தாள்.

"ஊருக்குச் சொல்வாயா?"

"கழகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். அதில் எழுதுவேன்."

"எழுதினால் என் பெயரைச் சரியாகப் போடு. அன்று பேப்பரில் தப்பாகப் போட்டிருந்தார்கள்." பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தெஸ்பினா அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

காபி சாப்பிடுகிறாயா என்று வாசோ கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த மரத்துக்குப் போனாள். வெட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது.

திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிழற்குடையில் உட்கார்ந்தார்கள். தெஸ்பினாவின் முழங்காலில் மண் காய்ந்துகொண்டிருந்தது.

"அவளுடைய தோட்டம் இங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூன்று தடவை வந்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்த வேலி வரைதான். அதற்கு மேல் கால் வரவில்லை."

தெஸ்பினா அவளைப் பார்த்தாள்.

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும்."

"பந்தை நான் பார்க்கவில்லை. கம்பம் மறைத்தது. உன்னைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவை பந்தைப் பிடித்ததும் எழுந்து நின்று தடுப்பாட்டக்காரிகளைப் பார்த்துக் கத்துவாய். பதினான்கு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் கத்தாமல் கிடந்தாய்."

"அன்றைக்கே தெரிந்ததா?"

"அன்றைக்கே."

சாலையில் ஒரு டிராக்டர் போனது. அதன் சத்தம் அடங்கும் வரை தெஸ்பினா காத்திருந்தாள்.

"பதினேழு வருடம் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோச்?"

"கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்."

தெஸ்பினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் ஃபோதினியின் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள். அந்தக் கோப்பைக்கு முந்தைய ஐந்து வருடம் கழகம் எதையும் ஜெயித்திருக்கவில்லை. பயிற்சியாளரை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு நடந்தது. அந்தக் கோப்பை வந்ததும் பேச்சு நின்றது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த ஐந்து வருடத்தைப் பற்றிப் புத்தகத்தில் அவளே எழுதியிருக்கிறாள். அந்தப் பேச்சையும் கோச் கேட்காமல் இருந்ததையும் சேர்த்து மட்டும் அவள் பார்த்ததில்லை.

வளைவில் பஸ் தெரிந்தது. ஃபோதினி எழுந்தாள். தெஸ்பினா எழவில்லை.

"கமிட்டி சும்மா இருக்காது. அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

"நானும் கூட வருகிறேன்."

"அந்த வருடத்துக்கு என்ன எழுதட்டும்?"

"நடந்ததை."

"என் பெயரைப் போட்டா?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஃபோதினி ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினாள்.

"இரண்டு பேர் பெயரையும் போட்டு எழுது. பந்தை வெளியே இழுத்தவள் ஒருத்தி. கேட்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டவள் இன்னொருத்தி."