கோடு கலையாத குட்டிகள்

ஒரு காட்டில் முரட்டுப்பல்லன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தான். அவன் மனைவி செவந்தி. இருவருக்கும் ஐந்து குட்டிகள். காட்டுப்பன்றிக் குட்டிகளுக்கு முதுகில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு இருக்கும். பார்த்தாலே கொஞ்சத் தோன்றும். முரட்டுப்பல்லனுக்கும் தோன்றியது. ஆனால் அவனுக்கு எங்கே நேரம்!

பாறைக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுக்குட்டை. தினமும் சாயங்காலம் செவந்தி குட்டிகளை அங்கே அழைத்துப் போவாள். குட்டிகள் தொப்பென்று விழும், புரளும், அம்மா காதில் சேற்றை அப்பும். ஒரே கும்மாளம்தான்.

ஒருநாள் ஒரு மயில் வந்தது. நாலு காடு சுற்றிய மயில். அதன் வாய்க்கு ஓய்வே கிடையாது.

"என்ன முரட்டுப்பல்லா, பிள்ளைகளைப் போயும் போயும் இந்தச் சகதியிலா விளையாட விடறே? மலைக்கு அந்தப் பக்கம் தாமரைக்குளம் இருக்கு! குடும்பத்தோட சந்தோஷமா இருக்கணும்னா அங்கே போகணும். மான்கள், யானைகள், எல்லாரும் குட்டிகளோட அங்கேதான் வராங்க!"

முரட்டுப்பல்லனுக்குச் சுருக்கென்றது. பாவம், அதுவரை தன் குடும்பம் சந்தோஷமாக இருப்பதாக அல்லவா நினைத்துவிட்டான்!

அன்றைக்கே சட்டம் போட்டான். "எல்லாரும் தாமரைக்குளம் போறோம்! அதுவரைக்கும் யாரும் சேத்துல கால் வைக்கக் கூடாது. முதுகுக் கோடு பளிச்சுனு இருக்கணும். நாலு பேர் பார்க்கிற இடம்!"

"எப்பப்பா போறோம்?" என்று கேட்டது கடைக்குட்டி சுண்டு.

"நல்ல நாளாப் பார்த்து!"

நல்ல நாள் லேசில் வந்துவிடுமா? ஒருநாள் வானம் கறுத்திருந்தது. ஒருநாள் வெயில் கொளுத்தியது. ஒருநாள் எல்லாம் சரியாக இருந்தது, காட்டுப்பூனை குறுக்கே போய்விட்டது. இதற்கிடையில் முரட்டுப்பல்லன் மட்டும் மூன்று முறை தனியாகப் போய் வழி பார்த்துவிட்டு வந்தான். பொறுப்பான அப்பா!

குட்டிகள் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சேறு படாத முதுகில் உண்ணி ஏறியது. அரிப்புத் தாங்காமல் மரத்தில் உரசப் போனால், "கோடு! கோடு!" என்று அப்பா கத்துவான்.

"ஏங்க, சேறு பூசினா உண்ணி தானாப் போயிடும். பிள்ளைங்க தூங்கியே எத்தனை நாளாச்சு!" என்றாள் செவந்தி.

"பொறுத்துக்கச் சொல்லு. சந்தோஷம்னா சும்மாவா?"

இப்படியே மூன்று மாதம் போனது. ஒரு வழியாக நல்ல நாள் வந்தது. முரட்டுப்பல்லன் குட்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தான். மூத்ததன் முதுகில் கோட்டைக் காணோம்! அடுத்ததற்கும் காணோம். சுண்டுவைத் தவிர நான்கு பேரும் ஒரே சாம்பல் நிறம்.

"அடப்பாவிகளா! யாருடா கோட்டை அழிச்சது?"

"யாரும் அழிக்கலை," என்றாள் செவந்தி. "வளர்ந்துட்டாங்க. கோடு அவ்வளவு நாள்தான் இருக்கும். ஏன், உங்க முதுகுல இருந்த கோடு எங்கே போச்சாம்?"

முரட்டுப்பல்லன் முகம் தொங்கிப்போனது. "சரி சரி... குளம் வேண்டாம். வாங்க, எல்லாரும் நம்ம குட்டைக்கே போவோம்!"

"சேறா? அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டுப்பா!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் நால்வரும் கிழங்கு தேடக் கிளம்பிவிட்டார்கள். அப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுண்டு மட்டும் நின்றது. அதன் வால் பக்கம் இத்தனூண்டு கோடு மிச்சம் இருந்தது.

"அப்பா, தாமரைக்குளம் போகலையா?"

"அது கிடக்குது கழுதை!"

முரட்டுப்பல்லன் ஓடிப்போய்க் குட்டையில் விழுந்தான். பாதிச் சேறு வெளியே தெறித்தது. சுண்டு ஒரே தாவாகத் தாவி அப்பாவின் தொப்பைமேல் குதித்தது.

"நல்லாப் புரளுடா!" என்றான் அப்பா. "நமக்கு இன்னும் நாலே நாள்தான் இருக்கு!"

பிள்ளைகளோடு மகிழ நல்ல நாள் பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு நல்ல நாள் எப்படியும் வந்துவிடும். பிள்ளைகள்தான் அதுவரை சின்னப் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள்.