அய்யா இருக்கிற வரைக்கும்

"இந்த ஊர் ஜனங்க ஏன் சாமி இப்படிப் பொய் சொல்லுது?"

கேட்டவர் மாசிலாமணி. லேசுப்பட்ட ஆளு இல்லை. மூணு தடவை இதே தொகுதிக்கு எம்.எல்.ஏ. இப்ப, கரண்டு சம்பந்தமா வர்ற வழக்கையெல்லாம் விசாரிச்சுத் தீர்ப்பு சொல்ற ஆணையத்துக்குத் தலைவர்.

சாமி அவரைவிட வயசுல சின்னவர். ஊர்க்கோடி மடத்துல இருக்கார். வெள்ளரிப் பிஞ்சைக் கடிச்சிக்கிட்டிருந்தார்.

சங்கதி இதான். பகல்ல கரண்டே இல்லைன்னு அந்த ஊர்க்காரங்க ஆணையத்துல மனுப் போட்டுட்டாங்க. நாளைக்குத் தீர்ப்பு. நேர்லயே பாத்துருவோம்னு மாசிலாமணி மடத்துல வந்து தங்கினாரு. வந்ததுலேருந்து தலைக்கு மேல ஃபேன் ஒரு சுத்து குறையலை.

"எம்.எல்.ஏ.வா இருந்தப்ப எத்தனை தடவை வந்திருக்கேன். அப்பவும் ஒரு நாள் விளக்கு கண்ணைச் சிமிட்டினதில்லை. மனுவைத் தள்ளிரப் போறேன்."

சாமி இன்னொரு பிஞ்சை எடுத்தார்.

"ஆனா பாசக்கார ஜனங்க சாமி."

தெருவுல இறங்கினா போதுமாம். எப்பம் கெளம்புதிய, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்களேன்னு பொம்பளைங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சுறாங்களாம். எதுத்த வீட்டுப் பேச்சியம்மா கண்ணுல தண்ணியே வச்சுட்டாளாம். ஓட்டுக் கேக்குறதை விட்டப்புறமும் இப்படி ஒரு பாசம் யாருக்குக் கெடைக்கும்னு சொல்லிக்கிட்டே துண்டால மூக்கைத் துடைச்சுக்கிட்டாரு.

சாமி பிஞ்சைக் கீழ வச்சார்.

"உம்ம காரை மட்டும் மெயின் ரோட்டுக்கு அனுப்பும்."

"நான்?"

"நீரு இங்கனயே இரும்."

டிரைவர் ஒரு ஹாரன் அடிச்சுட்டுக் கெளம்பினான். காரு தெருவைத் தாண்டுச்சு. பாலத்தைத் தாண்டுச்சு. மெயின் ரோட்டுல ஏறுச்சு.

ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டுச்சு. மெதுவாச் சுத்துச்சு. நின்னுச்சு.

தெரு முழுக்கக் கிரைண்டர் ஓடிக்கிட்டிருந்த சத்தம், நின்ன பெறகுதான் மாசிலாமணிக்குக் கேட்டுச்சு.

வெளிய ஒரு குரல். "போய்ட்டானாட்டி?"

"போய்ட்டான். எனக்கு மாவு பாதியில நிக்கு."

அது பேச்சியம்மா குரல்.

"நல்லாக் கெஞ்சச் சொன்னேன்லா?"

"கண்ணுல தண்ணி வரைக்கும் வர வச்சேன். இதுக்கு மேல வெங்காயமா உரிக்க முடியும்?"

மாசிலாமணி தலை குனிஞ்சது. கை மட்டும் தானா செல்போனைத் தேடுச்சு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எஞ்சினியர் கரண்டு விட்டுருவாரு.

சாமி அந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தார்.

கை பாதியில நின்னுபோச்சு.

அந்த நேரம் பாத்து, சாமிக்குத் தோசைக்குன்னு அரைகுறை மாவைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டுப் பேச்சியம்மா உள்ள வந்தா. உக்காந்திருந்த ஆளைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா.

மாசிலாமணி எழுந்தாரு.

"பேச்சியம்மா... என்னை..."

அவ எங்க கேட்டா? மூஞ்சியெல்லாம் சிரிப்பா வாசலுக்கு ஓடினா.

"ஏ புள்ளையளா, யாரும் மாவை வழிச்சிராதிய! அய்யா இன்னும் போவலை. லைன்மேன்ட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்க!"

கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்துச்சு.

மாசிலாமணி தோள்ல கெடந்த துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாரு.