பலாப்பழமும் விளாங்காயும்

குளத்தங்கரை இலுப்பை மரத்துப் பொந்தில் வரிச்சி என்ற அணில் குடியிருந்தது. உள்ளே மூன்று குட்டிகள். பாவம், இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

ஒருநாள் முண்டன் என்ற கரடி ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு மரத்தடிக்கு வந்து உறுமியது. "ஏய் பொடிசு! மேலே தேன்கூடு இருக்கு. கிளையோட முறிச்சு எடுக்கப்போறேன். குட்டிகளைத் தூக்கிக்கிட்டு ஓடிடு!"

பொந்து இருந்ததும் அதே கிளையில்தான். ஆனாலும் வரிச்சி விடவில்லை.

"இது எந்த ஊர் நியாயம் மாமா?"

"கனமானவனுக்குத்தான் எதிலும் முதலிடம்! பூமியே கனமானதைத்தான் முதல்ல இழுக்குது. தெரியாதா?"

"அப்படியா? போட்டுப் பார்த்துடுவோம்! உங்க பலாப்பழம் நான் பொறுக்கி வச்ச விளாங்காய்க்கு முந்தி விழுந்தா, நான் கிளம்பிடறேன். முந்தலைன்னா இந்த மரத்துப் பக்கமே நீங்க வரக்கூடாது!"

கரடி விழுந்து விழுந்து சிரித்தது. "சரி, வா!"

பக்கத்தில் ஓர் உயரமான பாறை. கரடி மேலே ஏறியது. கீழே நேரம் எண்ணக் குளத்துத் தவளை ஒன்றை உட்கார வைத்தார்கள். காய் கையை விட்டதும் கத்தத் தொடங்கி, விழுந்ததும் நிறுத்த வேண்டும்.

முதலில் விளாங்காய். "கொர்! கொர்! கொர்!" மூன்று.

அடுத்தது பலாப்பழம். போடும்போது கரடி தவளையை ஒரு முறை முறைத்தது. தவளைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கொர்! கொர்!" இரண்டே இரண்டு!

"ஜெயிச்சுட்டேன்!" என்று கரடி குதித்தது. நேரே மரத்தைப் பார்த்து நடந்தது.

வரிச்சி குறுக்கே பாய்ந்து நின்றது. "நில்லுங்க! பலாப்பழம் முந்தலை. இந்தத் தவளை பயத்துல ஒரு 'கொர்'ரை முழுங்கிடுச்சு! எண்ணவே வேண்டாம். ரெண்டையும் நீங்களே ஒரே நேரத்துல விடுங்க. அடிப்பக்கம் ஒரே மட்டத்துல இருக்கணும். தவளை முதுகைக் காட்டி உட்காரட்டும். கேட்டது ஒரு சத்தமா, ரெண்டான்னு மட்டும் சொல்லட்டும்!"

"எப்படிப் போட்டாலும் நான்தான்டி!" என்று கரடி மறுபடி ஏறியது. ஒரு கையில் பலாப்பழம், மறு கையில் விளாங்காய். இரண்டையும் விட்டது.

தொம்!

"ஒண்ணு!" என்றது தவளை.

"பொய்! மறுபடியும்!" கரடி இன்னும் உயரத்துக்குப் போனது.

தொம்!

"ஒண்ணு!"

கரடி பல்லைக் கடித்தது, கண்ணை உருட்டியது. முதுகைக் காட்டி உட்கார்ந்த தவளைக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மூன்றாவது முறையும் தொம்! பலாப்பழம் பிளந்து சுளை சிதறியது.

"அட, ஒண்ணுதான்! எத்தனை தடவைய்யா சொல்றது?" என்று தவளை எரிந்து விழுந்தது.

பக்கத்து மரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள் 'ஹோ'வென்று கூச்சலிட்டு இறங்கி, சுளைகளை அள்ளிக்கொண்டு ஓடின. கரடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

வரிச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஓட்டமாக மரத்தில் ஏறி, "நம்ம வீடு நமக்குத்தான்டா கண்ணுங்களா! பூமி எல்லாரையும் ஒரே மாதிரிதான் இழுக்குது!" என்று காடே அதிரக் கத்தியது.

ஆளின் உருவத்தைப் பார்த்துப் பயந்து அளந்தால் அளவு பொய்யாகும். பாரபட்சம் இல்லாமல் சோதித்துப் பார்ப்பவருக்கே உண்மை கிடைக்கும்.