ஆர்டருக்கு அழைக்கவும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், காவி கட்ட வேண்டும் என்று யார் எழுதிவைத்தது? போடியில் ஒரு குரு இருக்கிறாள். பெயர் ஜன்னத். வயது இருபத்தேழு. மொபைல் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. சின்னக் கடைக்காரர்களுக்கு ஆன்லைனில் விளம்பரம் போடவும் பேனர் செய்யவும் சொல்லித் தருகிறாள்.

சீடர் தெய்வேந்திரனுக்கு ஐம்பத்தெட்டு. இலவம்பஞ்சுத் தலையணைக் கடை வைத்திருக்கிறார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரைச் சித்தப்பா என்பாள். யார் யாருக்குக் கை கட்டி நிற்பது என்று முதல் நாள் கொஞ்சம் குழப்பம் வந்தது. பிறகு இரண்டு பேருமே உட்கார்ந்துகொண்டார்கள்.

கடை உண்மையில் அவர் மனைவி ஒச்சம்மாளுடையது. துணி வெட்டியது, பஞ்சு அடைத்தது, போனில் ஆர்டர் பிடித்தது எல்லாம் அவள்தான். தெய்வேந்திரன் மூட்டை தூக்குவார், பஸ்ஸில் பார்சல் ஏற்றுவார், அவ்வளவுதான். பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்றவள் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை, வழியிலேயே போய்விட்டாள்.

இப்போது ஆடி. அவளோடு கூலிக்குப் பஞ்சு அடைத்துவந்த பெண்கள் இரண்டு பேரும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். இந்த மாசமும் ஆர்டர் வரவில்லை என்றால் ஏலக்காய் பொறுக்கப் போய்விடுவோம் என்று. அவர்களும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஒச்சம்மாளின் பெயர் இந்த ஊரில் எழுதியிருக்கும் ஒரே இடம் அந்தக் கடையின் போர்டு.

முதல் பேனரை அவரே செய்து எடுத்துவந்தார். மயில், ரோஜாப்பூ, நாலு கலரில் எழுத்து, மூலையில் பிள்ளையார்.

“தலையணை எங்க சித்தப்பா?”

“இந்தா இருக்கே.”

“மயிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. மயிலா விக்கிறீங்க?”

மயில் போயிற்று. ரோஜா போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டு பிள்ளையாரையும் எடுத்தார். அடுத்து வாசகம். ‘உலகத் தரம், உன்னத சேவை’ என்று எழுதியிருந்தார்.

“இதை யாருக்கு எழுதினீங்க?”

“எல்லாருக்கும்தான்.”

“எல்லாருக்கும் எழுதினா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. ஒரே ஒரு ஆளை மனசுல வைங்க. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே காலையில எந்திரிக்கிற ஆளு. அவர்கிட்டப் பேசுங்க.”

மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். ‘கழுத்து வலிக்குதா? கையால் அடைத்த இலவம்பஞ்சு. பத்து நாள் படுத்துப் பாருங்க. சரிவரலைன்னா திருப்பி அனுப்பிருங்க.’

அட என்றாள் ஜன்னத். உள்ளபடியே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. கீழே ‘ஆர்டருக்கு அழைக்கவும்’ என்று போட்டு, நம்பரை அவரையே அடிக்கச் சொன்னாள். ஒற்றை விரலால் அடித்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். “ஒரு ஆர்டர்கூட வரலை டீச்சர்.”

பேனரில் எழுத்துக்குப் பின்னால் இருந்த நீலத்தைப் பச்சையாக்கினாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் ஆர்டர் வரவில்லை. போட்டோவை மாற்றினாள். மூன்றாவது சனிக்கிழமை அவர் படியேறி வந்தபோது முகம் செத்துக் கிடந்தது.

“திங்கக்கிழமையிலருந்து ரெண்டு பேரும் ஏலக்காய் ஸ்டோருக்குப் போறாளுகளாம். விளம்பரத்துல என்ன குறைன்னு சொல்லுங்க டீச்சர்.”

ஜன்னத்துக்கு அவமானமாக இருந்தது. தன் கைவேலையில்தான் ஓட்டை என்று நினைத்து, விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அதிலிருந்து அழைத்தார்கள் என்ற பக்கத்தைத் திறந்தாள். பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“சித்தப்பா, இருநூத்திப் பதினாறு பேர் உங்களுக்குப் போன் போட்டிருக்காங்க.”

தன் போனை எடுத்து, பேனரில் இருந்த நம்பரை அழைத்தாள். அவர் காலடியில் இருந்த துணிப்பைக்குள் மணி அடித்தது. அவர் குனியவில்லை. அடித்து முடித்து அது தானாக ஓய்ந்தது.

“உங்க போன்தானே?”

“அவ போனு.”

“ஏன் அந்த நம்பரப் போட்டீங்க?”

“கடை நம்பரு அதுதான டீச்சர். பத்து வருசமா கவருல, பையில எல்லாம் அதுதான். கை அதுவா அடிச்சிருச்சு.”

“சரி, எடுத்துப் பேசலாமில்ல?”

“எடுத்தா, பழைய ஆளுக ஒச்சம்மாக்காவான்னு கேப்பாக.”

“கேட்டா?”

தெய்வேந்திரன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அவ செத்தன்னிக்கு ஊருக்கெல்லாம் மச்சினன்தான் போன் போட்டான். போஸ்டர் அவன் பையன் ஒட்டுனான். கருமாதிப் பத்திரிகையில என் பேரு இருந்துச்சு, எழுதுனது வேற ஆளு. நான் என் வாயால இன்னிய வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல.”

“ம்.”

“மணி அடிக்கும் பாருங்க, யாரோ இன்னும் அவளத் தேடுறாகன்னு இருக்கும். அது நல்லா இருக்கும் டீச்சர். அதுக்காகவே மாசாமாசம் ரீசார்ஜ் பண்றேன். கடை போகப்போகுதுன்னு தெரியும். இருந்தாலும் கை போக மாட்டேங்குது.”

பாவி மனுஷா, இதை வைத்துக்கொண்டா மூன்று வாரம் கலர் மாற்ற வைத்தாய் என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை.

“வேற நம்பர் போட்டுருவோமா? உங்க நம்பரச் சொல்லுங்க.”

“எனக்கு என் நம்பரு தெரியாது. அவதான் கூப்பிடுவா.”

ஜன்னத் மறுபடியும் அந்த நம்பரை அழைத்தாள். பைக்குள் மணி அடித்தது.

“எடுங்க.”

குனிந்து எடுத்துக் காதில் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி அவள் போனுக்குள் பேசினாள்.

“ஒச்சம்மாக்காவா? திண்டுக்கல்லருந்து பேசுறேன். ரெண்டு தலையணை வேணும்.”

“டீச்சர், வேண்டாம்.”

“அக்கா இருக்காங்களா?”

“அவ... இல்லைங்க.”

“எப்ப வருவாங்க?”

போன் காதிலிருந்து இறங்கிவிட்டது. தெய்வேந்திரன் அழுதார். ஐம்பத்தெட்டு வயசுக்காரர், ஒரு பெண்பிள்ளை எதிரில், வெட்கமில்லாமல் தோள் குலுங்க அழுதார். ஜன்னத்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டார். “புது நம்பரே போட்டுருங்க டீச்சர். கும்புட்டுக் கேக்குறேன். புது ஆளுகளுக்கு அவளத் தெரியாது. ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. தலையணை வித்துரும்ல?”

“வித்துரும் சித்தப்பா.”

அப்போது அவர் கையில் இருந்த போன் அடித்தது. ஜன்னத்தின் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. இது வேறு யாரோ. அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“என்ன செய்யட்டும் டீச்சர்?”

“ஊர் பூரா அந்தச் சேதியைக் கேட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் இன்னும் கேக்கல. எடுத்துச் சொல்லுங்க சித்தப்பா, உங்க காதுலயும் விழட்டும்.”