கணவாய் போட்ட கணக்கும் நண்டு போட்ட கணக்கும்

புயல் ஓய்ந்தபோது பவளத் திட்டில் நாற்பது பவளங்கள்தான் மிஞ்சின. மீன்களெல்லாம் வேறு கடலுக்குக் கிளம்பத் துடித்தன.

"இன்று மாலை பவளங்கள் முட்டையும் ஆண் விதையும் விடும்" என்றது தலைவர் ஆமை. "விதை முட்டையைத் தொட்டால்தான் குஞ்சு பிறக்கும். குஞ்சு பிறந்தால்தான் திட்டு பிழைக்கும். இருப்பதா, போவதா?"

கணவாய் மீன் தன் பத்துக் கைகளையும் விரித்தது. "கணக்குப் போட்டுவிட்டேன்! கடலோ பெரியது, விதையோ தூசி. நூறு முட்டையில் ஒன்றைத்தான் தற்செயலாகத் தொடும். கிளம்புங்கள்!"

செங்கொடுக்கி என்ற சின்ன நண்டுக்குப் பகீரென்றது. அது பிறந்ததே அந்தத் திட்டின் பொந்தில்தான்.

"கணவாயாரே, மணத்தை விட்டுவிட்டீர்கள்! போன வருஷம் ஒரு முட்டை என் மீசையில் உரசிப் போனது. அதற்கு ஒரு மணம் உண்டு. விதை அதை மோப்பம் பிடித்துப் போகும்!"

"மணத்தையெல்லாம் எப்படி எண்ணுவாய்?" என்று கணவாய் சிரித்தது. மீன்களும் சேர்ந்து சிரித்தன.

ஆனாலும் செங்கொடுக்கி விடவில்லை. ஒரு பாறைக் குழியில் இருபது இறால் குஞ்சுகளை விட்டு, நடுவே வெறும் சிப்பியை வைத்தது. நூறு எண்ணுவதற்குள் இரண்டு இறால்கள்தான் சிப்பியில் முட்டின. பிறகு சிப்பிக்குள் இரையைத் திணித்து வைத்தது. இந்த முறை பதினாறு!

மணம் எவ்வளவு தூரம் போகிறது, போகப் போக எப்படிக் குறைகிறது என்று மணலில் வட்டம் வட்டமாகக் கீறியது. கூட்டியது, அழித்தது, மறுபடி கூட்டியது.

"நூறில் அறுபது முட்டை பிழைக்கும்!"

"இறால் வேறு, விதை வேறு!" என்று கணவாய் சீறியது.

"வேறுதான். முட்டையின் மணமும் லேசுதான். அதனால்தான் வட்டங்களைச் சுருக்கியே போட்டேன். மாலை வரை பொறுங்கள். நான் சொன்னது தப்பானால், முதல் ஆளாக நானே வெளியேறுகிறேன்!"

மாலையில் முட்டைகள் இளஞ்சிவப்பாய் மிதந்தன. விதைகள் கொஞ்ச நேரம் திக்குத் தெரியாமல் சுற்றின. சட்டென்று விதைகள் வளைந்து திரும்பி, முட்டைகளை நோக்கிப் பாய்ந்தன!

மறுநாள் ஆமை நூறு முட்டைகளைத் தானே எண்ணிப் பார்த்தது.

"அறுபத்து மூன்றில் உயிர் இருக்கிறது!" என்று கத்தியது.

ஆரவாரத்தில் திட்டே அதிர்ந்தது. ஒரு மீனும் கிளம்பவில்லை. கணவாய் வெட்கத்தில் நிறம் மாறி, செங்கொடுக்கியைத் தன் கைகளால் தூக்கி எல்லோருக்கும் காட்டியது. "நான் கடலை அளந்தேன். முட்டையைக் கவனித்தது இவள்தான்!"

உயிர்களை ஒன்றுசேர்க்கும் ஈர்ப்பைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் பிழைக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.