நண்டு நேராக நின்ற கடைசி நாள்

இந்தக் கதை எனக்கு நேரடியாக வந்ததில்லை. கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த ஜெனோபா, கடலுக்குப் போகும் தன் சித்தப்பா சொல்லக் கேட்டதாகச் சொன்னாள். அவர் யாரிடம் கேட்டாரோ தெரியாது. எங்கள் வீட்டில் கடலைப் பார்த்த முதல் ஆளே நான்தான். அதனால் கயிறும் பாயும் வருகிற இடங்களை அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அப்படியும் தவறு இருந்தால் அது என்னுடையது, கதையுடையது அல்ல.

அந்தக் காலத்தில் ஆமையும் நண்டும் சோழியும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. பேசியதோடு நிற்கவில்லை, வேலைக்கும் வந்தன. அப்போது தோணிகளில் கயிறு கட்ட இரும்பும் இல்லை, கட்டையும் இல்லை. கயிறு நிற்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஓர் உயிர் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. முகத்துக்கு முகம் நேராக நிற்பதுதான் மரியாதை. ஒருவர் முன்னால் உடம்பைக் கோணி நின்றால், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று பொருள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கால் மரத்துப்போய்க் கொஞ்சம் திரும்பி நின்றான் என்பதற்காகவே ஒரு கல்யாணம் நின்றுபோனதாம். அந்த ஊரில் நண்டும் நேராகத்தான் நடந்தது. நேர் நடையில் அதை மிஞ்ச ஆள் இல்லை என்று அதற்குப் பெருமை வேறு.

அங்கே மாசானம் என்பவன் புதுத் தோணி ஒன்று கட்டி முடித்தான். அவன் மனைவி உலகம்மை. தோணி ஓடும்போது சுக்கான் அவள் கையில்தான் இருக்கும். அவளுக்கு ஒரே அவசரம். கைப்பிள்ளையை அக்கரைத் தீவுக்குக் கொண்டுபோய், அவள் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். அண்ணன் பிள்ளையை இன்னும் பார்க்கவே இல்லை. தோணிக்கு ஆள் சேர்ந்தால்தான் பயணம்.

பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு ஆமை வந்தது. ஒருமுறை ஏற்றிவிட்டால் கரை சேரும்வரை அந்தக் கயிற்றைத் தொடத் தேவையில்லை. அதன்மேல் அசையாமல் உட்கார ஆமையை விட்டால் வேறு யார்? பாய்மரத்தின் அடியில் அதற்கு இடம் கிடைத்தது. தோணியின் விளிம்பில் கயிறு உரசித் திரும்பும் இடத்துக்குச் சோழி வந்தது. அதன் முதுகு வழவழப்பு. கயிறு நோகாமல் வழுக்கிப் போகும்.

மிச்சம் இருந்தது தாமான். பாயின் கீழ்முனையிலிருந்து வரும் கயிற்றுக்கு அதுதான் பெயர். காற்று இளைத்தால் அதை இழுக்க வேண்டும், காற்று வலுத்தால் விட வேண்டும். பிடிக்கவும் தெரிந்து விடவும் தெரிந்த ஆள்தான் அதற்கு வேண்டும்.

முதலில் பேய்க்கணவாய் வந்தது.

"எட்டுக் கை இருக்கு அண்ணாச்சி. ஒரு கையில தாமான், மத்த கையால பிள்ளையையும் ஆட்டிக்கிடுதேன்" என்றது.

உலகம்மை கயிற்றைக் கொடுத்தாள். கெட்டியாகப் பிடித்தது. "சரி, விடு" என்றாள்.

"எந்தக் கையை மதினி?"

"கயிறு பிடிச்ச கையை."

"எல்லாக் கையும்தானே எதையாவது பிடிச்சிருக்கு."

"அப்போ எல்லாத்தையும் விடேன்!"

விட்டது. ஒரு கையில் அது தோணியைக் கரையோடு கட்டிய கயிற்றையும் பிடித்திருந்தது. தோணி ஆடி அசைந்து கிளம்பிவிட்டது. மாசானம் வேட்டியை மடித்துக்கட்டக்கூட நேரமில்லாமல் தண்ணீரில் குதித்தான். கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று.

அடுத்து நண்டு வந்தது, நேராக நடந்து, நேராக நின்று.

"பிடின்னா பிடிப்பேன். விடுன்னா விடுவேன். வேற பேச்சு எங்கிட்ட கிடையாது மதினி."

சொன்னபடியே செய்தது. இரண்டு கொடுக்கையும் விரித்துப் படுத்துக்கொண்டது. உலகம்மை கயிற்றை அதன் உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, இந்தக் கொடுக்கில் ஒன்று அந்தக் கொடுக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டினாள். முடிச்சே இல்லை. ஆனால் கயிறு நின்றது. எடுத்துவிட்டால் ஓடியது.

"இதை எங்க வைக்க?" என்றான் மாசானம். "நட்ட நடுவுல வச்சா எடுப்பா இருக்கும்."

"எடுப்பு இருக்கட்டும். என் கை எட்டுற இடத்துல வைங்க. ஒரு கை சுக்கான்ல இருக்கும், ஒரு கை கயித்துக்கு வரணும். நான் எந்திரிச்சுப் போயி அவுக்குற வரைக்கும் காத்து நிக்குமா?"

அதற்கு அவன் ஒத்துக்கொண்டான். சுக்கானுக்குப் பக்கத்தில், அவள் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் நண்டு உட்கார்ந்தது. சோழியிலிருந்து கயிறு வரும் திசைக்கு மிகச்சரியாக நேர் எதிரே.

கரையோரமாகவே ஓட்டிப் பார்த்தார்கள். பாய் உப்பிக் கயிறு விறைத்ததும் உலகம்மை ஒன்றைக் கண்டாள். நேராக வரும் கயிறு, சுற்றி வந்த சுற்றின்மேலேயே ஏறி உட்கார்ந்தது. மேல்சுற்று கீழ்ச்சுற்றைக் கடித்தது. அவிழ்க்கப் போனால் விரல் நுழையவில்லை. காற்று தணிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது.

அவள் நண்டைக் கையால் கொஞ்சம் திருப்பிவைத்தாள். அதிகமில்லை, கூப்பிட்டால் தலை திரும்புமே, அந்த அளவு. இப்போது கயிறு பக்கவாட்டில் நுழைந்தது. ஒவ்வொரு சுற்றும் அதனதன் இடத்தில் படுத்தது. விறைத்திருந்தபோதும் எடுக்க வந்தது.

"ஏட்டி! அதை ஏன் கோணிக்கிட்டு நிக்கவிட்டிருக்க?" மாசானம் முன்பக்கத்திலிருந்து கத்தினான்.

நண்டுக்கும் முகம் சுருங்கிப்போனது. "நான் என்ன தப்பு செஞ்சேன் மதினி? என் வேலைக்கு நான் முகங்கொடுக்காம நிக்கணுமா?"

"தப்பு இல்ல. நேரா நின்னா கயிறு கயித்தைக் கடிக்குது."

"இறுகிப் பிடிச்சா நல்லதுதானே?" என்றான் மாசானம்.

"பிடிக்குறதுக்கு நல்லது. விடுறதுக்கு?"

"புதுத் தோணி. ஊரே கரையில நிக்குது. நண்டு பாய்க்குக் கோணி நின்னா மாசானத்துக்கும் கடலுக்கும் பகைன்னு பேசுவானுங்க. பிள்ளைக்குக் காது குத்தப் போற நேரத்துல இந்தப் பேச்சு வேணுமா?"

பிள்ளையைச் சொன்னதும் உலகம்மை நண்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நண்டு தானாகவே திரும்பி, நேராக நின்றது.

கிளம்பியபோது காலை வெயில். தென்றல் மாதிரிக் காற்று. பாய்மரத்துக்கும் குறுக்குப் பலகைக்கும் நடுவே சேலையில் தொட்டில் கட்டி, அதில் பிள்ளை தூங்கியது. மாசானம் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தான். நண்டு கயிற்றைப் பிடித்தபடி, "இந்த ஓட்டத்துக்குச் சாயங்காலம் அக்கரையில மாமன் வீட்டுச் சாப்பாடுதான்" என்றது. ஆமை, தனக்கும் உண்டா என்று கேட்டது. தீவின் பனைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

எந்த முன்னறிவிப்பும் இல்லை. மேகம் இல்லை, இருட்டு இல்லை. தண்ணீரின்மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடிவந்ததை உலகம்மை பார்த்தாள். அது என்ன என்று நினைப்பதற்குள் காற்று பாயில் விழுந்தது.

தோணி ஒரே சாய்ப்பாகச் சாய்ந்தது.

"விடு!" என்றாள்.

கயிற்றைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மேல்சுற்று கீழ்ச்சுற்றைக் கடித்து, இரண்டும் ஒரே கயிறாகி, நண்டின் ஒரு கொடுக்கில் கல்லாக இறுகியிருந்தது. சுக்கானைத் திருப்பிப் பார்த்தாள். சுக்கான் கைக்கு லேசாக வந்தது. சுக்கான் தண்ணீரைவிட்டு மேலே வந்துவிட்டது.

தாழ்ந்த பக்கத்து விளிம்பு கடலுக்குள் போனது. கயிறு அறுக்கிற கத்தி அந்தப் பக்கத்துப் பலகையில்தான் செருகியிருந்தது. முதலில் தண்ணீருக்குள் போனது அதுதான். மாசானம் பாய்மரத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு இன்னொரு கையால் தொட்டிலைப் பிடித்தான். தொட்டில் வெளிப்பக்கம் ஊசலாடி, அதன் அடி தண்ணீரைத் தொட்டது. சேலை நனைந்து கறுத்ததை உலகம்மை பார்த்தாள். பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை. அழாமல் பார்த்ததுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

"விடு! நண்டு, விடு!"

"விட்டுட்டேன் மதினி!" என்று கத்தியது நண்டு. "நான் எப்பவோ விட்டுட்டேன்! கயிறுதான் என்னை விட மாட்டேங்குது!"

தொட்டிலுக்குள் தண்ணீர் ஏறியது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகு ஒடிவது மாதிரி, சின்னச் சத்தம். அவ்வளவு காற்றிலும் அது எல்லோர் காதிலும் விழுந்தது.

கயிறு விடுபட்டுச் சீறிக்கொண்டு ஓடியது. பாய் காற்றைக் கொட்டிவிட்டுப் படபடவென்று அடித்தது. தோணி நிமிர்ந்தது, இருமுறை உருண்டது, நின்றது. மாசானம் பிள்ளையைத் தொட்டிலோடு சேர்த்து நெஞ்சில் அணைத்திருந்தான். பிள்ளை தண்ணீரைத் துப்பிவிட்டு, இப்போது வீரிட்டு அழுதது.

கயிற்றின் நுனி கடலுக்குள் போவதை உலகம்மை பார்த்தாள். அதில் இன்னும் கொத்தாகச் சிக்கிக்கொண்டு ஒரு கொடுக்கும் போனது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நண்டு தன் உடம்பின் முன்பக்கத்தைப் பார்த்தது. கொடுக்கு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அது வேறு யாருடைய உடம்போ என்பதுபோல் பார்த்தது. அந்தப் பார்வையில் அதன் கண்கள் இரண்டும் காம்போடு வெளியே வந்துவிட்டன. திரும்ப உள்ளே போகவே இல்லை.

"நீயா ஒடிச்சே?" என்றாள் உலகம்மை.

"விடுன்னா விடுவேன்னு சொன்னேனே மதினி" என்றது நண்டு. "இது ஒண்ணுதான் விடுறதுக்கு மிச்சம் இருந்துச்சு."

மாசானம் பிள்ளையோடு எழுந்து அதன் முன்னால் வந்தான். ஊர் வழக்கப்படி நேருக்கு நேராக நின்றான், மன்னிப்புக் கேட்க. எதிரே நேராக எது வந்தாலும் இனி நண்டால் தாங்க முடியாது. அது பக்கவாட்டாக ஒதுங்கியது. இன்னும் ஒதுங்கியது. விளிம்புவரை அப்படியே போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

பிள்ளைக்கு மாமன் மடியில் காது குத்தியாயிற்று. அண்ணன் ஆசையாக என்னென்னவோ கேட்டான். மாசானமும் உலகம்மையும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் சோற்றைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடினால் உலகம்மைக்கு அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

கரை திரும்பியதும் மாசானம் பூவரசங்கட்டை ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும்படி செதுக்கினான். நண்டு இருந்த இடத்திலேயே அதை வைத்தான். ஆணி அடிக்கும் முன் உலகம்மையைப் பார்த்தான். அவள் கட்டையைக் கொஞ்சம் திருப்பினாள். கரையில் யாரோ, "என்னவே, கோணலா வைக்கீரு? கடலோட சண்டையா?" என்று கேட்டார்கள். மாசானம் ஆணியை அறைந்தான்.

மழைக்காலம் போய் ஒரு நாள், நண்டு கரையேறியிருப்பதாகச் சேதி வந்தது. உலகம்மை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஈர மணலில் பக்கவாட்டாக நடந்துவந்த அதைப் பார்த்தவள், பிள்ளையை நழுவவிடப் பார்த்தாள். ஒடிந்த இடத்தில் ஒரு கொடுக்கு இருந்தது. பால்பல் மாதிரிச் சின்னது, வெளிறியது. ஆனால் கொடுக்கு.

"இது எப்படி?" என்றாள்.

"எனக்கும் தெரியல மதினி. பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெளிய வந்தா, இது இருக்கு. நானே பயந்துபோயிட்டேன்."

நண்டு அவர்கள் முன்னால் கோணித்தான் நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மாசானம் தானும் உடம்பைத் திருப்பிக் கோணி நின்றான்.

அன்று முதல்தான் நண்டு எதையும் நேராக எதிர்கொள்ளாமல் பக்கவாட்டாக நடக்கிறது, கண்ணை வெளியே நீட்டிக்கொண்டு திரிகிறது, பிடிபட்டால் கொடுக்கை ஒடித்துவிட்டு ஓடுகிறது. அன்று முதல்தான் தோணிக்காரர்கள் கயிறு மாட்டும் கொம்புக்கட்டையைக் கயிறு வரும் வழிக்குச் சற்றே திருப்பிவைக்கிறார்கள்.

கேட்டபோது கொடுக்கு முளைத்ததை நான் நம்பவில்லை. பிறகு விலங்கியல் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். நண்டின் ஒவ்வொரு காலின் அடிப்பகுதியிலும், கொடுக்கின் அடிப்பகுதியிலும் ஒடிவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒடிந்தது, ஓடு கழற்றும்போது சிறியதாக முளைத்து வளர்கிறது. ஜெனோபாவின் ஊருக்குப் போனபோது படகுகளையும் பார்த்தேன். கட்டைகள் சற்றுத் திரும்பித்தான் இருந்தன. ஒரு படகில் மட்டும் நேராக இருந்தது. அதற்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு கத்தியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.